இயற்கை வரலாற்றுக் கழகமும் எமது கிராமமும்

(ஆலய தர்மகர்த்தா சபை உறுப்பினர், இளைப்பாறிய எழுதுவினைஞர்)

முன்னுரை

எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருளினால் இவ்வாண்டும் எமது ஆலயத்தின் ஆண்டு மலர் மலர்கின்றது. ஆலய வரலாறு, திருவிழாச் சிறப்பு, சமய தத்துவம் என்பன பற்றிப் பெரியோர் பலர் எழுதும் இம்மலரில், அடியேன் சற்று வேறான ஒரு விடயத்தை எழுத முன்வந்தமைக்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற ஆண்டுத் திருவிழாவின் ஏழாம் நாள், உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் ஒரு பிள்ளை கையில் கொப்பியும் பேனையுமாக என்னிடம் வந்தாள். பாடசாலையில் ஒரு செயற்றிட்டம் கொடுத்திருக்கின்றார்களாம்.

"ஐயா, நீங்கள் சின்னப் பிள்ளையாய் இருந்த காலத்திலே எங்கட பக்கத்துக் குளங்களிலே என்னென்ன பறவை நின்றது?" என்று கேட்டாள்.

"கொக்கு, நாரை, நீர்க்காகம், கிளுவை எல்லாம் நின்றது பிள்ளை" என்றேன்.

"எத்தனை ஐயா?"

"கனக்க நின்றது."

"கனக்க என்றால் எத்தனை ஐயா? பத்தா, நூறா, ஆயிரமா?"

என்னிடம் விடை இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்க அலுவலகங்களில் பதிவேடுகளோடு வாழ்ந்தவன் நான். எத்தனை கோவைகள், எத்தனை இடாப்புகள்! ஆனால் எனது சொந்தக் கிராமத்தின் குளத்தில் நின்ற பறவையைப் பற்றி எழுத்தில் ஒரு வரி என்னிடம் இல்லை. அந்தப் பிள்ளை கொப்பியில் "கனக்க" என்றே எழுதிக்கொண்டு போனாள். அன்று தொடக்கம் இவ்விடயம் என் மனதை உறுத்திக்கொண்டிருக்கின்றது. இத்தகைய கேள்விகளுக்கு விடை சொல்வதற்கென்றே உலகின் பல பாகங்களிலும் இயற்கை வரலாற்றுக் கழகங்கள் இயங்கி வருகின்றன. அவற்றின் வரலாற்றையும் பணிகளையும் நோக்கங்களையும் எமது மக்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயற்கை வரலாறு என்றால் என்ன?

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் எமது நினைவுக்கு வருகின்றன. இயற்கை வரலாறு என்பது அவ்வாறானதன்று. ஓர் இடத்திலே வாழும் மரம், செடி, கொடி, பறவை, விலங்கு, மீன், பாம்பு, பூச்சி ஆகியவற்றை அவை வாழும் இடத்திலேயே சென்று கவனித்து, பெயரறிந்து, எப்போது வருகின்றன, எதை உண்கின்றன, எங்கே கூடு கட்டுகின்றன, எப்போது மறைகின்றன என்று எழுதி வைப்பதே இயற்கை வரலாறு எனப்படும். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, பட்டமும் தேவையில்லை. கண்ணும் காதும் பொறுமையும் ஒரு கொப்பியும் போதுமானவை.

இவ்வாறு கவனிக்கும் பழக்கம் எமது முன்னோருக்கு இருந்தது. மாரி காலம் தொடங்கும்போது வந்து, காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணியளவில் குரல் கொடுக்கும் பறவைக்கு ஆறுமணிக் குருவி என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள். மாட்டோடு திரியும் கொக்கை உண்ணிக்கொக்கு என்றும், நத்தையைத் தேடித் தின்னும் நாரையை நத்தைகுத்தி என்றும் அழைத்தார்கள். ஒவ்வொரு பெயரும் ஓர் அவதானிப்பு. நாரைகள் தெற்கே வந்து பின் வடக்கே திரும்பும் வழக்கத்தைச் சத்திமுத்தப் புலவர் தமது பாடலிலே கண்டு சொன்னார். நீர்நிலைகளையே குளம், மடு, மோட்டை என்று தரம் பிரித்துப் பெயரிட்ட வன்னி மக்கள் இயற்கையை உற்று நோக்கியவர்கள் என்பதில் ஐயமில்லை. எமது ஊர்ப் பெயரிலேயே ஒரு மோட்டை இருக்கின்றது. ஆயினும் அவர்களுடைய அறிவு வாய்மொழியாக இருந்ததேயன்றி ஏட்டில் ஏறவில்லை. சொன்னவர் மறைந்தபோது சொல்லும் மறைந்தது.

கழகங்கள் தோன்றிய வரலாறு

இத்துறைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் செல்போர்ன் என்னும் சிறிய கிராமத்தில் தேவாலயப் பணி செய்த கில்பேட் வைற் என்பவர். அவர் உலகம் சுற்றியவர் அல்லர். தமது கிராமத்திலேயே இருந்து, எந்தப் பறவை எந்தத் திகதியில் வந்தது, எவ்வளவு மழை பெய்தது, மண்புழு நிலத்துக்கு எவ்வாறு உதவுகின்றது என்பவற்றை ஆண்டுக் கணக்காக எழுதி வந்தார். உருவத்தில் ஒன்றுபோல் தோன்றிய மூன்று சிறு குருவிகள் வெவ்வேறு இனத்தவை என்பதை அவற்றின் குரலைக் கொண்டே பிரித்தறிந்தார். அவரது நூல் 1789 ஆம் ஆண்டு வெளிவந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது அச்சில் இருக்கின்றது. ஒரு கிராமத்தைப் பற்றிய குறிப்புகள் உலகுக்குப் பயன்பட்டமைக்கு இது தக்க சான்றாகும்.

தனியொருவர் செய்த இப்பணியைப் பலர் கூடிச் செய்யத் தொடங்கியபோது கழகங்கள் உருவாகின. எமது அயல்நாடான இந்தியாவில், 1883 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15 ஆம் திகதி பம்பாயில் எட்டுப் பேர் கூடி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை ஆரம்பித்தனர். அந்த எண்மரில் ஆத்மராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் ஆகிய இரு இந்திய வைத்தியர்களும் அடங்குவர். மாதம் ஒருமுறை கூடித் தாம் கண்டவற்றை ஒருவருக்கொருவர் எடுத்துச் சொல்வதே அவர்களது முதல் நோக்கமாக இருந்தது. 1886 இல் தமது சஞ்சிகையையும் ஆரம்பித்தனர். அது இன்றும் வெளிவருகின்றது.

இக்கழகத்தின் வாசலுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறுவன் வந்தான். தான் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, இது என்ன குருவி என்று கேட்டு வந்தவன் அவன். கழகத்தின் செயலாளர் அவனை ஏசித் துரத்தவில்லை. குருவியின் பெயரைச் சொன்னதோடு, கழகம் சேகரித்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் திறந்து காட்டினார். அச்சிறுவனே பிற்காலத்தில் இந்தியாவின் தலைசிறந்த பறவையியலாளராக விளங்கிய சலீம் அலி (1896 - 1987) ஆவார். ஒரு பிள்ளையின் கேள்விக்குப் பொறுமையாக விடை சொன்னதன் பலன் எத்துணை பெரியது என்பதை இதனால் உணரலாம்.

எமது இலங்கையிலும் இப்பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1894 ஆம் ஆண்டு வேட்டை விலங்குகளைப் பாதுகாக்கும் நோக்கோடு ஆரம்பிக்கப்பட்ட சங்கமே இன்று வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக விளங்குகின்றது. அதனை ஆரம்பித்தோரிற் பலர் வேட்டைக்காரர்களே. காட்டில் மிருகங்கள் குறைந்து வருவதை முதலில் கண்டுகொண்டவர்களும் அவர்களே. அச்சங்கத்தின் 'லோரிஸ்' சஞ்சிகை 1936 இல் தொடங்கியது. 1943 இல் இலங்கைப் பறவைக் கழகமும், 1972 இல் தெகிவளை மிருகக்காட்சிச் சாலையை இடமாகக் கொண்டு இளம் விலங்கியலாளர் சங்கமும், 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் சரத் கொட்டகமவின் முயற்சியால் கள பறவையியல் குழுவும் தோற்றம் பெற்றன. இளம் விலங்கியலாளர் சங்கத்தில் பாடசாலை மாணவர்களே பெரும் பங்காற்றுகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில் 1978 இல் சென்னை இயற்கையாளர் சங்கம் ஆரம்பிக்கப்பட்டது. தமிழிலே இத்துறை பற்றி எழுதியோருள் மா. கிருஷ்ணன் (1912 - 1996), சு. தியடோர் பாஸ்கரன் ஆகியோர் முக்கியமானவர்கள். தியடோர் பாஸ்கரன் தபால் திணைக்களத்தில் உயர் பதவி வகித்து இளைப்பாறியவர். அரசாங்க உத்தியோகம் பார்த்த ஒருவர் பறவையையும் காட்டையும் பற்றி நல்ல தமிழில் எழுத முடியும் என்பது என்போன்றோருக்கு உற்சாகம் தரும் செய்தியாகும்.

கழகங்கள் ஆற்றும் பணிகள்

நாடுகள் வேறுபட்டாலும் இக்கழகங்களின் பணிகள் பெரும்பாலும் ஒன்றாகவே காணப்படுகின்றன. அவற்றைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

1. மாதாந்தக் கூட்டம். ஒருவர் தாம் அறிந்ததைக் கூற மற்றையோர் கேட்பர், கேள்வி எழுப்புவர்.

2. களப் பயணம். அதிகாலையில் சிறு குழுவாகக் குளக்கட்டு, காட்டோரம், கடற்கரை ஆகிய இடங்களுக்குச் சென்று அவதானித்தல்.

3. பதிவேடு பேணல். கண்டவற்றைத் திகதி, இடம், எண்ணிக்கையோடு எழுதி வைத்தல்.

4. கணக்கெடுப்பு. ஆண்டுதோறும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில், ஒரே முறையில் எண்ணுதல். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 தொடக்கம் ஒவ்வொரு ஆண்டும் தை மாதத்தில் பல நாடுகளில் நடைபெறுகின்றது.

5. வெளியீடு. செய்தி மடல், சஞ்சிகை, கைநூல் என்பவற்றை வெளியிடல்.

6. இளையோரைப் பயிற்றல். பாடசாலைகளில் வகுப்புகள், போட்டிகள், கண்காட்சிகள் நடத்துதல்.

7. பாதுகாப்பு. காடோ குளமோ அழியும் நிலை வரும்போது, தாம் திரட்டிய தரவுகளோடு அதிகாரிகளிடம் சென்று எடுத்துரைத்தல்.

இவற்றுள் ஏழாவது பணியையே மக்கள் பெரிதாகக் கருதுவர். ஆனால் மூன்றாவது இல்லாமல் ஏழாவது இல்லை என்பதே அடியேனின் கருத்து. வெறுங்கையோடு போய் "முன்பு கனக்க இருந்தது, இப்போது இல்லை" என்று சொன்னால் எந்த அலுவலகத்திலும் அது எடுபடாது. மேசைக்கு அப்பால் இருந்து பல ஆண்டுகள் கடமையாற்றியவன் என்ற வகையில் இதனை நான் நன்கு அறிவேன்.

எமது பிரதேசத்தின் இயற்கைச் செல்வம்

எமது கிராமம் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலே, இரணைமடுக் குளத்து நீரால் வளம் பெறும் வயல்களின் நடுவே அமைந்துள்ளது. தெற்கே இரணைமடுவும், அதற்கு நீர் கொண்டுவந்து பின் வடக்கே செல்லும் கனகராயன் ஆறும் உள்ளன. வடகிழக்கே சுண்டிக்குளம் கடல்நீரேரியும், வடக்கே யானையிறவும் இருக்கின்றன. நன்னீர், உவர்நீர், வயல், காடு ஆகிய நான்கும் இவ்வளவு அண்மையில் ஒருங்கே அமைந்த ஊர்கள் பலவல்ல.

சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2015 ஆம் ஆண்டு அது தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. மாரி காலத்தில் பூநாரைகளும், வடக்கேயுள்ள குளிர் நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்து முதலியனவும், கரையோரப் பறவைகளும் இங்கே வந்து தங்குகின்றன. நாம் வயல் வரம்பிலே காணும் தகைவிலான் குருவியும் கடல் கடந்து வந்த விருந்தாளியே.

இப்பறவைகள் எவ்வளவு தூரம் செல்கின்றன என்பதை இப்போது அளந்தறிய முடிகின்றது. எமது மாகாணத்தின் மன்னாரிலே கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்காகங்களின் உடலில் சிறிய கருவிகளைப் பொருத்தினர். அவை 2021 ஆம் ஆண்டு ரஷ்யாவின் வடமுனைப் பிரதேசம் வரை சென்று, அங்கு கோடையைக் கழித்து, மீண்டும் மன்னாருக்கே திரும்பி வந்தன. உலகில் எத்தனையோ கரைகள் இருக்க, தான் புறப்பட்ட கரைக்கே ஒரு பறவை திரும்பி வருகின்றது. இடம்பெயர்ந்து மீண்ட எமக்கு இதன் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும் இப்பிரதேச மக்கள் அனைவரும் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. கையில் அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் எடுத்துச் செல்ல முடிந்தவர்கள் பாக்கியசாலிகள். எனது தகப்பனார் வருடாவருடம் விதைப்பு, மழை, குளம் வான் பாய்ந்த நாள், அறுவடை என்பவற்றைக் குறித்து வைத்த இரண்டு சீ.ஆர். கொப்பிகள் எம்மிடம் இருந்தன. அவை மற்றைய பொருட்களோடு அழிந்து போயின. மீளக் குடியேறியபின் காணிக்கும் வீட்டுக்கும் பத்திரம் தேடினோம். பலவற்றின் பிரதியை அலுவலகங்களில் பெற்றுக்கொண்டோம். அந்த இரு கொப்பிகளுக்கும் எங்கும் பிரதி இல்லை. அவற்றிலே பறவைகளின் வரவும் சில இடங்களில் எழுதப்பட்டிருந்தது என்பது இப்போது மங்கலாக நினைவிருக்கின்றது. நான் அதனை ஒருபோதும் கவனமாக வாசித்ததில்லை.

மயிலும் கமக்காரரும்

இயற்கையைப் பற்றி எழுதும்போது கமக்காரரின் துன்பத்தை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. மயில் முருகப்பெருமானின் வாகனம். ஆலய வீதியிலே அது தோகை விரித்தால் கைகூப்புகின்றோம். அதே மயில் கூட்டமாக வந்து விதைத்த நெல்லையும் கச்சான் தோட்டத்தையும் கிளறும்போது கல்லெடுத்து எறிகின்றோம். குரங்கு, காட்டுப்பன்றி, யானை என்பவற்றாலும் இழப்புகள் உண்டு.

2025 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணி தொடக்கம் 8.05 வரை, பயிர்களைச் சேதப்படுத்தும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணும் பணி நாடு முழுவதும் மேற்கொள்ளப்பட்டது. தத்தம் காணியில் நின்றவற்றை ஒவ்வொருவரும் அந்த ஐந்து நிமிடத்தில் எண்ணிக் குறிக்க வேண்டும். முயற்சி நல்லதே, எண்ண வேண்டும் என்ற எண்ணம் வந்ததே பெரிது. ஆயினும் ஐந்து நிமிடத்தில் ஓர் ஊரின் மயிலை எண்ணிவிட முடியுமா? அந்நேரம் எனது வளவில் நின்ற மயில் அடுத்த வளவுக்குப் பறந்தால் அது இரண்டாகி விடாதா? பற்றைக்குள் நின்றவை கணக்கில் வருமா? அறிவியலாளர் பலரும் அந்த முறையைப் பற்றி இத்தகைய கேள்விகளை எழுப்பினர்.

ஓர் ஊரில் இயற்கை வரலாற்றுக் கழகம் இருந்து, வருடம் முழுவதும் வாரம் ஒருமுறை குறிக்கப்பட்ட நேரத்தில், குறிக்கப்பட்ட பாதையில் நடந்து மயிலை எண்ணியிருந்தால், அக்கணக்கின் பெறுமதி வேறாக இருக்கும். எந்த மாதத்தில் கூடுகின்றது, எந்தப் பயிரை அதிகம் தாக்குகின்றது, நரி குறைந்த இடங்களில் மயில் பெருகுகின்றதா என்பனவெல்லாம் அதிலிருந்து புலப்படும். மயிலைக் காப்பதற்கும் அக்கணக்கு வேண்டும். கமக்காரர் நட்டஈடு கேட்பதற்கும் அதே கணக்குத்தான் வேண்டும்.

முன்பொருமுறை பன்றியால் பயிரிழந்த சில விவசாயிகளுக்காக மனு எழுதிக் கொடுத்தேன். எந்தத் திகதி, எத்தனை ஏக்கர், எத்தனை முறை என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஆளுக்கொரு விடை சொன்னார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே. மனு கோவையிலேயே தங்கிவிட்டது.

மறுபுறம், எமக்கு உதவுவன எவை என்பதையும் அறிய வேண்டும். நத்தைகுத்தி நாரை வயலில் நத்தையைத் தின்கின்றது. ஆந்தையும் சாரைப்பாம்பும் எலியைத் தின்கின்றன. எலி பெருகினால் நெல்லுக்கும் கேடு. எலிக்காய்ச்சலால் வயலில் இறங்குபவரின் உயிருக்கும் கேடு. ஆயினும் பாம்பென்றால் சாரை, விரியன் என்ற வேறுபாடின்றி அடித்துக் கொல்கின்றோம். ஆந்தை அலறினால் அபசகுனம் என்கின்றோம். பெயர் அறிந்தால் பயம் பாதி குறையும்.

கிராமத்தவர் காத்த பறவைகள்

இப்பணி படித்தவர்களுக்கும் நகரத்தவர்களுக்கும் உரியது என்று எண்ணுதல் தவறாகும். தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு நல்ல உரமாவதை அவ்வூர் மக்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். ஆகவே பறவைகளைச் சுடுவதை எதிர்த்து அன்றைய ஆங்கிலேய அதிகாரியிடம் முறையிட்டு, 1798 ஆம் ஆண்டளவில் எழுத்து மூலமான ஆணையையும் பெற்றுக்கொண்டனர். பம்பாய்க் கழகம் தோன்றுவதற்கு ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அவர்கள் விவசாயிகள். ஆனால் வாய்வார்த்தையோடு நிற்காமல் எழுத்தில் பெற்றார்கள். அந்த எழுத்தே பின்வந்த தலைமுறைகளுக்கும் ஆதாரமாக நின்றது.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்பதற்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு வளவு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. ஊரவர் அவற்றைத் தம் ஊருக்கு வந்த நற்பேறாகக் கருதுகின்றனர். எமது திருவிழாவிலும் வாணவேடிக்கை நடைபெறுகின்றது. ஆலய மரங்களிலே கூடுகள் உள்ள காலத்தில் அதனைச் சற்றுத் தள்ளி வேறிடத்தில் நடத்தலாமா என்பதைச் சபையோர் சிந்தித்தல் நன்று.

பதிவேடு எழுதும் முறை

இனி, ஒரு பதிவேட்டை எவ்வாறு எழுதுவது என்பதைக் கூறுகின்றேன். இது எனக்குப் பழக்கமான தொழில்.

ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துப் பின்வரும் நிரல்களை வரைந்துகொள்ள வேண்டும்: திகதி, நேரம், இடம், வானிலை, உயிரினத்தின் பெயர், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்தது என்ன, கண்டவர் பெயர். பெயர் தெரியாவிடில் நிறம், பருமன், சொண்டின் வடிவம், குரல் என்பவற்றை எழுதலாம். பெயரைப் பின்னர் கண்டுபிடிக்கலாம். திகதியைப் பின்னர் கண்டுபிடிக்க முடியாது.

கண்ணால் கண்டதையும், குரலைக் கேட்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும் வெவ்வேறாகக் குறித்தல் அவசியம். ஐயமிருந்தால் கேள்விக்குறி இடுவதில் வெட்கமில்லை. எண்ணியதற்கும் மதிப்பிட்டதற்கும் வேறுபாடு காட்ட வேண்டும். பெருங்கூட்டமாக நின்றால், முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்திருக்கும் இடத்தை மனதிற்கொண்டு, அத்தகைய இடங்கள் எத்தனை என்று கணக்கிடலாம். போன இடத்தில் ஒன்றுமே காணாவிடில் "ஒன்றும் காணப்படவில்லை" என்று கட்டாயம் எழுத வேண்டும். இல்லாமையும் ஒரு செய்தியே. இருபது ஆண்டுகளின் பின் வாசிப்பவருக்கு அதுவே மிக முக்கியமான வரியாக அமையலாம்.

எழுதியதற்குப் பிரதி எடுத்து வேறோரிடத்தில் வைத்தல் இன்றியமையாதது. இதனை எமக்குக் காலம் கற்பித்திருக்கின்றது. இப்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைக்கலாம். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தினர் 2002 இல் தொடங்கிய 'ஈபேர்ட்' என்னும் இணையப் பதிவேட்டில் எவரும் தாம் கண்ட பறவைகளை இலவசமாகப் பதியலாம். கொப்பி எரிந்தாலும் நனைந்தாலும் அப்பதிவு நிற்கும். தமிழ்நாட்டில் 2015 தொடக்கம் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. பங்குபற்றுவோர் ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளைப் பதிந்தால் போதுமானது. அது எமது தைப்பொங்கல் நாளே. முற்றத்தில் பொங்கல் பொங்கியபின் அங்கேயே இருந்து செய்யக்கூடியது.

கவனிக்க வேண்டியவை

களப் பயணம் செல்லும் பிள்ளைகள் சில விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். எமது பிரதேசத்தில் போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தாலும், பழக்கமில்லாத காட்டுப் பற்றைக்குள்ளும் கைவிடப்பட்ட காணிக்குள்ளும் இறங்கலாகாது. மக்கள் நாளாந்தம் நடமாடும் பாதையிலேயே செல்ல வேண்டும். அறியாத இரும்புப் பொருள் எதனையும் தொடாமல், அவ்விடத்தை விட்டு விலகிப் பெரியோருக்கு அறிவிக்க வேண்டும். குளத்தில் முதலை உண்டு. காட்டோரத்தில் யானை உண்டு. தனியே செல்லாது, வளர்ந்தவர் ஒருவரோடு குழுவாகச் செல்லுதல் வேண்டும்.

கூட்டைத் தொடுதல், முட்டை எடுத்தல், குஞ்சைப் பிடித்தல், படம் எடுப்பதற்காகப் பறவையைக் கலைத்தல் என்பன கூடாதன. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது என்பதையும் மறக்கலாகாது. தேசிய பூங்காவின் எல்லைக்குள் செல்வதாயின் உரிய அனுமதி பெற வேண்டும்.

ஆலயம் செய்யக்கூடியது

நாம் பணம் திரட்டிப் பெரிய சங்கம் அமைக்க வேண்டும் என்று அடியேன் கூறவில்லை. பம்பாயில் எட்டுப் பேரே கூடினார்கள். எமது ஊரிலும் எட்டுப் பேர் போதும்: இரண்டு ஆசிரியர்கள், நான்கு மாணவர்கள், அனுபவமுள்ள ஒரு கமக்காரர், எழுதத் தெரிந்த ஒரு கிழவன்.

மாதந்தோறும் பௌர்ணமி விடுமுறை நாளில் காலைப் பூசை முடிந்தபின் ஆலய மண்டபத்தில் கூடலாம். முதற் பணியாக ஆலய வளவிலுள்ள மரங்களைப் பதிவு செய்யலாம். வேம்பு, அரசு, மருது, வில்வம், கொன்றை என்று ஒவ்வொன்றும் எப்போது பூக்கின்றது, எப்போது காய்க்கின்றது, எந்தப் பறவை வந்து தங்குகின்றது என்று ஓராண்டு எழுதினாலே ஒரு நல்ல நூலுக்கு வேண்டிய விடயம் சேர்ந்துவிடும். இரண்டாவதாக, எழுபது வயதைக் கடந்த பெரியோரிடம் பிள்ளைகளை அனுப்பி, அவர்கள் அறிந்த பறவை, மீன், மரப் பெயர்களைச் சேகரிக்கலாம். இதற்குக் காலம் அதிகமில்லை. பாலை, முதிரை, வீரை, விண்ணாங்கு என்று இலையைக் கண்டவுடன் பெயர் சொல்லக்கூடியோர் ஆண்டுதோறும் எம்மை விட்டுப் பிரிகின்றனர். மூன்றாவதாக, ஆண்டிறுதியில் அவ்வாண்டின் கணக்கை இம்மலரிலே ஒரு பக்கத்தில் வெளியிடலாம். வரவு செலவுக் கணக்கை வெளியிடுகின்றோம் அல்லவா? ஊரில் வாழும் உயிர்களின் வரவு செலவும் அதனருகே அச்சாகட்டும்.

இதனால் விளையும் நன்மை உடனே தெரியாது. பத்து ஆண்டுகளின் பின் ஒரு வாய்க்காலைத் திருத்தும்போதோ, ஒரு காட்டுக்கு எல்லை குறிக்கும்போதோ, குளத்தை ஆழமாக்கும்போதோ, எமது கருத்தை அதிகாரிகள் கேட்கக்கூடும். அப்போது மேசையில் வைப்பதற்கு எம்மிடம் ஒரு பதிவேடு இருக்கும். எழுதி வைக்காத ஊருக்காக வேறெவரோ எழுதிவிடுவார். அவர் எழுதியதே பின்னர் உண்மையாகி நிற்கும்.

முடிவுரை

நந்தி, மயில், கருடன், அன்னம், மூஞ்சூறு என்று தெய்வங்களின் பக்கத்திலே உயிர்களை இருத்தி வணங்கும் சமயம் எம்முடையது. வாகனத்தைத் தூக்கித் தோள் கொடுக்கின்றோம். அவ்வுயிரின் பெயரையும் வாழ்வையும் அறிந்துகொள்வதும் அத்தொண்டின் ஒரு பகுதியே என்பது அடியேனின் தாழ்மையான கருத்தாகும்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய நாளில் ஒரு புதிய சீ.ஆர். கொப்பி வாங்கினேன். அதில் முதல் வரியாக ஆலயத்தின் வடக்கு வீதி மருதமரத்தில் மாலை 6.10 மணிக்கு வந்தடைந்த உண்ணிக்கொக்குகளை எழுதினேன். எண்ணியபோது 43 நின்றன. இருட்டிவிட்டதால் இரண்டொன்று கூடலாம், குறையலாம். அதனையும் பக்கத்தில் குறித்திருக்கின்றேன். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையை இவ்வாண்டுத் திருவிழாவில் கண்டால் அந்தக் கொப்பியை அவளிடம் ஒப்படைப்பதாக இருக்கின்றேன். அடுத்த வரியை அவள் எழுதட்டும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ எம்பெருமானின் திருவருளை இறைஞ்சி அமைகின்றேன்.

சுபம்.